யூலைப் பக்கத்துக் கோல்காப்பாளர்

செவ்வாய்க்கிழமை காலை ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு மரக்கறிக் கடை வாசலில் நின்று முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். துரை அண்ணையின் மகள் வதனி தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார். இப்பதான், ஹொஸ்பிட்டல்ல. உங்களுக்கு முதல்ல சொல்ல வேணும் எண்டு நினைச்சன்" என்றாள். "ஐயோ பிள்ளை" என்றேன். முருங்கைக்காயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தியைப் போட்டேன். "திருகோணமலையின் பெயர்பெற்ற கோல்காப்பாளர், எங்கள் துரை அண்ணை, ச. அருமைத்துரை அவர்கள் இன்று காலை லண்டனில் காலமானார்." ஐந்து நிமிடத்தில் ஒருவர் கேட்டார்: "தவம் அண்ணை, இவர் எப்பவோ மோசம் போனவரல்லோ?" இன்னொருவர் அதற்கு ஆதாரமாக ஒரு படத்தை அனுப்பினார். நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் சங்கம் அச்சடித்துக் கொடுத்த கலண்டரின் யூலைப் பக்கம் அது. பந்தைப் பிடிக்கக் காற்றில் படுத்திருக்கும் ஒரு மனிதர். கீழே கொட்டை எழுத்தில் "அமரர் ச. அருமைத்துரை". அதற்கும் கீழே, பொடி எழுத்தில், "தொகுப்பு: ம. தவராசா".

அந்தத் தவராசா நான்தான். அந்தக் கலண்டர் வெளிவந்த பிறகு துரை அண்ணை நான்கு வருடம் மோர்டனில் மகள் வீட்டில் உயிரோடு இருந்தார். காலையில் நடக்கப் போனார், மீன் வாங்கினார், பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தார். அவரைத் தெரிந்தவர்களும், அவர் முந்தியே போய்விட்டார் என்று நம்பியவர்களும் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். உங்கள் எல்லோருக்கும் நான் ஒரு திருத்தம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு முகமில்லை.

முதலில் அவர் யார் என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் நகரத்தில் உதைபந்தாட்ட மைதானமும் கடலை ஒட்டியதுதான். கடல் பக்கத்துக் கோலுக்கு நிற்க எல்லோரும் பின்னடிப்பார்கள். காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வரும். துரை அண்ணை அந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்குவார். "காத்து எனக்கு மட்டுமோ வீசுது? அடிக்கிறவனுக்கும் தானே" என்பார். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்கள் சில நாள் ஆட்டத்தின் நடுவே உள்ளே வந்து நிற்கும். நடுவர் விசில் ஊதுவார், அவை அசையாது. துரை அண்ணை கோலை விட்டு இறங்கி வந்து, "போங்கோ பிள்ளையள், ஒரு கால் மணித்தியாலம் பொறுங்கோ" என்று மெதுவாகச் சொல்லி அவற்றை நடத்திக்கொண்டு போவார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வருவதைக் கேட்கவே சனம் சிரிக்கும்.

நான் எதிர்க் கழகத்தில் ஏழாம் நம்பர். ஒரு இறுதிப் போட்டியில், முடியப் பத்து நிமிடம் இருக்க, எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்கப் போனவன் நான். வலப்பக்க மூலையை நன்றாகப் பார்த்துவிட்டு இடப்பக்கம் அடித்தேன். அவர் பந்துக்கு முன்னமே அங்கே போயிருந்தார். யாரோ அதைப் படம் பிடித்தார்கள். பிறகு அவருடைய கழகத்தின் ஆண்டு மலரில் அது வந்தது. படத்தில் அவர் தரைக்குச் சமமாகக் காற்றில் நீண்டிருப்பார். ஓரத்தில் ஒரு முதுகும் ஏழு என்ற இலக்கமும் தெரியும். அந்த முதுகு என்னுடையது. தோற்ற படம்தான், ஆனாலும் அதை வெட்டி எடுத்து என் சான்றிதழ்களோடு வைத்திருந்தேன். வீடு போனது, ஊர் போனது. அந்தத் துண்டு மட்டும் என்னோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தது.

இனிக் கலண்டர் கதை. "எங்கள் நகரத்துப் பெருமக்கள்" என்று பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பேரைப் போடுவோம் என்ற யோசனை என்னுடையது. காலமானவர்களை மட்டும்தான் போடுவது என்ற விதியும் என்னுடையது. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்திய ஒரு மலரில் தன் மச்சானின் பெயர் விடுபட்டதென்று ஒருவர் என்னோடு இரண்டு வருடம் கதைக்கவில்லை. "செத்தவை சண்டைக்கு வரமாட்டினம்" என்று கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைத்தியர்கள், அதிபர்கள், ஒரு நீதவான், ஒரு நாதஸ்வர வித்துவான் என்று பதினொரு பேர் சேர்ந்தார்கள். பன்னிரண்டாவதாகத் துரை அண்ணையை நான்தான் முன்மொழிந்தேன். பல வருடமாக ஒரு தகவலும் இல்லாததால் அவர் போய்விட்டார் என்றே நினைத்திருந்தேன். விளையாட்டுக்காரர் ஒருவரும் வேண்டும் என்று சொன்னேன். அது உண்மைதான். என் முதுகும் கலண்டரில் ஏறும் என்பதும் உண்மைதான். அதை மட்டும் வெளியில் சொல்லவில்லை.

சங்கத்தின் பொருளாளர் குகன் அன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி தந்தார். "அண்ணை, இந்தாள் மோர்டனில மகளோட இருக்கிறார் எண்டு என்ர மனுசி சொல்லுறா. இதுதான் வீட்டுப் போன் நம்பர். ஒருக்கா எடுத்துப் பாருங்கோ." நான் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு டயரிக்குள் வைத்தேன். எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்தால், அந்தப் பக்கத்தில் அவரே "ஹலோ" சொன்னால், என் விதிப்படி அவர் கலண்டரில் இருக்க முடியாது. படமும் போய்விடும். அச்சகத்துக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. இது வேறு அருமைத்துரையாக இருக்கும், குகனின் மனைவி ஆள் மாறிச் சொல்லியிருப்பா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணினி முன்னால் இருந்து பெயருக்கு முன் நான்கு எழுத்துத் தட்டினேன். அச்சானதைப் பார்த்துவிட்டுக் குகன் கேட்டார்: "அப்ப, ஆள் இல்லையோ அண்ணை?" "ஓம், விசாரிச்சனான்" என்றேன்.

மார்கழி மாதம் ஒரு நாள் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. "தம்பி தவராசாவோ? நான் செத்த ஆள் கதைக்கிறன்." அந்தச் சின்னக் குரல். நாற்பது வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பிடிபட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மோர்டனில் மீன் வாங்கப் போன கடையில், கல்லாவுக்குப் பின்னால் கலண்டர் தொங்கியதாம். கடைக்காரர் யூலைப் பக்கத்தை யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாராம். "தம்பி, இது நான் எண்டன். 'ஐயா, பகிடி விடாதேங்கோ, அமரர் எண்டு போட்டிருக்கு' எண்டான். என்னட்ட இருந்தது பஸ் பாஸ் ஒண்டுதான். அதைக் காட்டினன். 'அட, உங்களுக்கும் அதே பேரோ' எண்டு கேக்கிறான். என்ன செய்ய? மீனை வாங்கிக்கொண்டு வந்திட்டன்." கலண்டரின் கடைசிப் பக்கத்தில் இருந்த என் இலக்கத்தைப் பார்த்து எடுத்ததாகச் சொன்னார். ஏசவில்லை. "வீட்டுக்கு ஒருக்கா வாருமன்" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ஞாயிறு போனேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து மோர்டன் வரை ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். வழி முழுக்க என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். குசினிச் சுவரில் என் கலண்டர் தொங்கியது. வருடம் இன்னும் பிறக்கவே இல்லை, அவர் யூலைப் பக்கத்தைத் திறந்து மாட்டியிருந்தார். "அமரர்" என்ற சொல்லின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல் நேரான கோடு. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "உம்மட பிழையை நான் திருத்திப்போட்டன். இனி நீர் கவலைப்படாதையும்" என்றார். பிறகு தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். கோப்பை அவர் கைக்குள் சிறுத்துப்போய்த் தெரிந்தது. இரண்டு விரல்கள் எப்போதோ முறிந்து, சரியாகப் பொருந்தாமல் வளைந்திருந்தன.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஊரிலயிருந்து யாரோ பிழையாச் சொல்லிப்போட்டினம். எங்களுக்கு வேற வழியில்லை விசாரிக்க" என்றேன். ரயிலில் ஒத்திகை பார்த்தது அதைத்தான். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கீழே, நான் கதிரையில் நெளிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார். "ஓ, அப்பிடியோ" என்றார். பிறகு, அந்தப் பெனால்டியை நான் எங்கே அடிப்பேன் என்று தனக்கு எப்படித் தெரிந்தது என்று அவராகவே சொன்னார். "பந்தைப் பார்க்கிறவன் கோலுக்கு நிக்க ஏலாது தவம். கண்ணையும் பார்க்கக் கூடாது. கண் ஏமாத்தும். இடுப்பைத்தான் பார்க்க வேணும். அது பாவம், அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." நான் அவர் பந்தாட்டத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். எவ்வளவு பெரிய மடையன் நான்.

அன்று தன் லண்டன் வாழ்க்கையைப் பற்றியும் சொன்னார். பதினெட்டு வருடம் ஒரு பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருக்கிறார். மனைவி போன பிறகு மகளோடு வந்துவிட்டார். அவ்வளவு காலம் ஒரு பெட்டிக்குள் இருந்தது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். "ஊரிலயும் அதுதானே செய்தனான். மற்றவன் ஓட நான் நிண்டு பார்க்கிறது. என்ன, இங்க மழையில நனையேல்லை" என்றார். ஊர்க்காரர் யாரோடும் தொடர்பு இல்லை, சங்கத்துக்கு வரக் கூச்சமாக இருந்தது, "அங்க எல்லாரும் டொக்டர்மார்" என்றார். புறப்படும்போது, அடுத்த வருடக் கலண்டரில் கட்டாயம் திருத்தம் போடுவோம் என்று வாக்குக் கொடுத்தேன். வாசல்வரை வந்து, "போடும், போடும். அவசரமில்லை. செத்த ஆளுக்கு என்ன அவசரம்" என்று என் முதுகில் தட்டினார்.

அடுத்த வருடக் கூட்டத்தில் பேச்சை எடுத்தேன். "நாங்களே பிழை விட்டம் எண்டு நாங்களே அச்சடிச்சு வீடு வீடாக் குடுக்கிறதோ?" என்று ஒருவர் கேட்டார். நான் செயலாளர். மேசையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், திருத்தம் வந்திருக்கும். ஆனால் திருத்தம் வந்தால் யார் விசாரித்தது, என்ன விசாரித்தது என்ற கேள்வியும் வரும். குகன் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனேன். அந்த வருடம் ஊர்க் கோவில்களைப் போட்டோம். அதற்கடுத்த வருடம் ஊர்ப் பூக்கள்.

என்னை இன்றைக்கும் தின்பது வேறொரு நாள். ஈஸ்ட் ஹாமில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் பொங்கல் விழா. துரை அண்ணையை நான்தான் கூப்பிட்டிருந்தேன். திருத்தம் போடாததற்கு ஒரு சாப்பாடாவது கொடுப்போம் என்ற நினைப்பு. அவர் பழைய பிளேசர் ஒன்றை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையில் இருந்தார். நான் ஒலிவாங்கியோடு அந்த வரிசைப் பக்கம் நின்று நிகழ்ச்சிகளை அறிவித்துக்கொண்டிருந்தேன். எட்மண்டனிலிருந்து வந்த ஊர்க்காரர் ஒருவர் அவர் பக்கத்தில் இருந்தார். "ஐயா, உங்களைப் பார்க்க எங்கட ஊர்க் கோல் கீப்பரின்ர சாடையா இருக்கு. என்ன மாதிரி நிண்ட மனுசன். பாவம், செத்திட்டார்" என்றார். துரை அண்ணை, "ஓம், நல்ல மனுசன்" என்றார். சொல்லிவிட்டுத் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

அவர் பார்வையில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. இப்போது நீர் சொல்லலாம் என்று இடம் விட்டுத் தருகிற பார்வை. என் கையில் ஒலிவாங்கி இருந்தது. மண்டபம் நிறைய எங்கள் ஊர்ச் சனம். "இவர்தான் அவர், பிழை என்னுடையது" என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? சனம் எழும்பிக் கைதட்டியிருக்கும். அந்த மனிதர் நாற்பது வருடத்துக்குப் பிறகு ஒரு கைதட்டல் கேட்டிருப்பார். நான் ஒலிவாங்கியை உயர்த்தி, "அடுத்ததாகச் சிறுமிகளின் நடனம்" என்றேன். அவர் மேடைப் பக்கம் திரும்பி எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார். போகும்போது, "நல்ல விழா தவம், பொங்கலும் நல்லாயிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செத்தவீட்டுக்கு ஆள் சேர்க்க நானே தொலைபேசியோடு இருந்தேன். எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம், கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் செத்தவீட்டுக்குப் போய்விட வேண்டும். சாதாரணமாக ஒருவர் போனாலே தெரு முழுக்கக் கார் நிற்கும். துரை அண்ணைக்கு அது நடக்கவில்லை. சிலருக்கு நான் விளக்கம் சொல்லி முடிக்கும் முன்னமே, "ஓ, நான் அப்பவே துக்கப்பட்டிட்டன் அண்ணை" என்றார்கள். சிலருக்கு நான் தகவல் குழம்பிப்போன கிழவன். அன்றைக்கு மண்டபத்தில் இரண்டு வரிசை நிறையவில்லை. அவருடைய பெட்டியைத் தூக்க, அடக்கக் காரியம் பார்க்கும் நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் நின்றபோது வதனி என்னிடம் வந்தாள். "அங்கிள், ஒண்டு கேக்கட்டோ? அந்த வருசம், கலண்டர் வர முதல், குகன் அங்கிளின்ர வைஃப் எங்களுக்குச் சொன்னவா, கலண்டர்காரர் போன் எடுப்பினம் எண்டு. அப்பா லாண்ட்லைனுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவர். வோக்கிங் போகேல்லை. கடைக்குப் போகேல்லை. நான்தான் மீன் வாங்கினது. புதுப் படம் கேட்டா எடுக்கலாம் எண்டு பிளேசரை அயர்ன் பண்ணி வைக்கச் சொன்னவர். கலண்டர் வந்திட்டுது எண்டு கேள்விப்படும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர். ஏன் அங்கிள் ஒருத்தரும் எடுக்கேல்லை?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மோர்டன் குசினியில் நான் பொய் சொன்னபோது அது பொய் என்று அவருக்குத் தெரியும். எங்கள் கையில் அவருடைய இலக்கம் இருந்தது தெரியும். தெரிந்துகொண்டே எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்திருக்கிறார். அன்று மகள் உள் அறையில் இருந்தாள், அவள் காதில் விழ என்னை அவமானப்படுத்தக் கூடாது என்று விட்டுவிட்டார். நான்கு வருடமும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் திரும்பி ஒரு நாள் நானாகச் சொல்லுவேன் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் போலும். வதனியிடம் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப் பை, டயரி, என் விதி, என் முதுகு, எல்லாம். அழுதேன். அவள் அழவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எனக்கு மட்டும் சொல்லி என்ன, அங்கிள்? முப்பத்தோராம் நாள் மலர் அடிக்கிறம். அதில எழுதுங்கோ" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மலருக்குப் படம் வாங்க வதனி வீட்டுக்குப் போன அன்று, அவள் சுவரிலிருந்து அந்த யூலைப் பக்கத்தைக் கழற்றி மடிக்காமல் என் கையில் தந்தாள். "இது உங்கட வேலை. நீங்களே வைச்சிருங்கோ. எங்கட வீட்டில வேண்டாம்." அன்பளிப்பாகத் தந்ததல்ல அது, திருப்பித் தந்தது. துரை அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். இப்போது என் அறையில், நான் எழுதும் மேசைக்கு நேரே தொங்குகிறது. முன்பெல்லாம் அந்தப் படத்தில் என் கண் முதலில் அந்த ஏழாம் நம்பர் முதுகைத்தான் தேடும். இப்போது அந்த நீலக் கோட்டில் போய் நிற்கிறது.

அச்சகத்திலிருந்து நேற்று அழைத்தார்கள். "அண்ணை, அட்டையில பேருக்கு முன்னால அமரர் விடுபட்டிருக்கு. போட்டு விடட்டோ? எல்லாருக்கும் போடுறதுதானே." வேண்டாம் என்றேன். நீங்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் வெறும் ச. அருமைத்துரை என்றுதான் இருக்கும். அது அச்சுப்பிழை அல்ல. அந்தச் சொல்லை அவர் தன் கையால் வெட்டியிருக்கிறார். இன்னொரு தடவை அதை என் கையால் எழுத மாட்டேன்.